எதிர்மலையில் ஒரு சிவப்புப் புள்ளி

1

காலை ஏழு பத்து. சமையலறைச் சன்னலைத் திறந்தபோது முதலில் தெரிந்தது எதிர்மலையில் ஒரு சிவப்புப் புள்ளி. மூடுபனி பள்ளத்தாக்கிலிருந்து அப்போதுதான் மேலேறிக்கொண்டிருந்தது. தேயிலை தெரியவில்லை. பாதை தெரியவில்லை. காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளும் தெரியவில்லை. அந்தப் புள்ளி மட்டும் தெரிந்தது. கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தால் நகத்துக்குப் பின்னால் மறைந்துவிடும்.

அது ஒரு தகரக் கூரை. கூரைக்கு அடியில் ஒரு கல் இருக்கிறது. போன வருடம் இந்த நேரத்தில் அங்கே கூரையும் கிடையாது, கல்லும் கிடையாது. ஒரு மரம் இருந்தது.

நேற்று என் மனைவி சரோஜினியின் திதி. கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, வாழைக்காய் பொரித்து, பருப்பு வைத்து, பின்வாசல் சுவரில் ஓர் இலைத்துண்டில் சோறு வைத்தேன். காக்கைக்குப் பதிலாக இரண்டு மைனாக்கள் வந்தன. பருப்பை மட்டும் தின்றுவிட்டுப் போயின. மீதியை நான் சாப்பிட்டேன். பெர்த்திலிருந்து மகள் கயல் தொலைபேசியில் அழைத்து, "அம்மாவுக்கு எல்லாம் பண்ணிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். பண்ணிவிட்டேன் என்றேன். பேரன் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான். எனக்குப் புரிவதற்குள் அவன் கவனம் வேறு எதற்கோ போய்விட்டது.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு மலேசியாவின் கேமரன் மலை என்றால் படங்களில் வரும் தேயிலைச் சரிவுதான் தெரியும். அது பத்திரமாக இருக்கிறது. அதற்கு மேலே, மலையின் தலைப்பக்கம் இருக்கும் காடுதான் போய்க்கொண்டிருக்கிறது. வெட்டுகிறார்கள், காயவிடுகிறார்கள், கொளுத்துகிறார்கள். பிறகு மண்ணைப் படிப்படியாகச் செதுக்கி, பிளாஸ்டிக் கூரை போட்டுத் தக்காளி வைக்கிறார்கள். திரிங்காப்பிலிருந்தும் கோலா தெர்லாவிலிருந்தும் தக்காளி லோரி ஏறிச் சமவெளிக்குப் போகிறது. நேற்றைய ரசத்தில் நான் கரைத்ததும் அந்தத் தக்காளிதான்.

2

மல்லிகா முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தது ஒரு தீயைப் பார்க்க.

அப்போது சரோஜினி இருந்தாள். அவள் இந்த நாட்டுக்காரி. இந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு அவளுக்கு வேலை மாற்றலாகி வந்தபோது கூடவே வந்தவன் நான். அதற்கு முன் மதுரையில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். மல்லிகாவின் இரண்டு பிள்ளைகளும் சரோஜினியிடம் படித்தவர்கள். அந்த உரிமையில், கையில் ஒரு சுருட்டிய பேனரோடு வந்து நின்று, "டீச்சர், ஒங்க பின்வாசல்ல கொஞ்ச நேரம் ஒக்காந்துக்கவா? இங்க இருந்துதான் முழுசா தெரியுது" என்றாள். வடக்கு முகட்டில் யாரோ வெட்டிப் போட்ட கட்டைகளுக்கு வைத்த தீ, பெரணிப் புதர்களைப் பற்றிக்கொண்டு அடங்காமல் மேலே போய்க்கொண்டிருந்தது. ஊரே வாசலில் நின்று கைப்பேசியில் படம் எடுத்தது. அவள் தரையில் பேனரை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, வரைய ஆரம்பித்தாள்.

மல்லிகா கியா பார்மில் ஒரு ஸ்ட்ராபெரிக் கடையில் வேலை செய்கிறாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். படம் வரைய எங்கும் படிக்கவில்லை. அந்தச் சாலையில் இருக்கும் கடைகளுக்கெல்லாம் போர்டு எழுதுவது அவள்தான். பழைய கடை பேனர்களின் வெள்ளை முதுகில், வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய சாயங்களால் தன்னுடைய படங்களை வரைவாள். காலை வெயிலில் பேனரைத் தூக்கிப் பிடித்தால் எரியும் மலைக்குள் ஒரு பெரிய ஸ்ட்ராபெரி மங்கலாகத் தெரியும். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை.

அவள் வரைவதெல்லாம் எரியும் இடங்கள், எரிந்த இடங்கள், எரியப்போகும் இடங்கள். மூன்று வகைதான். வெட்டுக்கு அடையாளக் குச்சி நட்ட சரிவு எங்காவது கண்ணில் பட்டால், இயந்திரம் வருவதற்குள் அதை வரைந்துவிடுவாள். ஒருமுறை சமவெளியில் கரிச் சதுப்புநிலம் எரிகிறது என்று கேள்விப்பட்டு, லோரி ஓட்டும் தன் கணவன் மணியத்தோடு தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனாள். தீயே தெரியவில்லை என்றாள் திரும்பி வந்து. மண்ணுக்குள் எரிகிறது, மேலே புகை மட்டும் வருகிறது. சாலையோரம் நின்றவளைக் காவலர் ஒருவர் விரட்டிவிட்டிருக்கிறார். அந்தப் படம் முழுக்கச் சாம்பல் நிறம். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் பேனரின் வெள்ளையை விட்டுவைத்திருந்தாள்.

ஒன்றை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். அவளுடைய தீயில் சிவப்பு இல்லை. கடுகு மஞ்சள் உண்டு, பழுப்பு உண்டு, விட்டுவைத்த வெள்ளை உண்டு. பெட்டியில் சிவப்பு டப்பா இருந்தது. திறப்பதில்லை. கேட்டேன்.

"சிவப்பு கடை போர்டுக்குண்ணே. அதைப் பாத்துத்தான் கார்க்காரன் பிரேக் போடுறான். இதைப் பாத்து யாரும் நிக்க வேணாம்லா."

3

எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கம் தீ என்றால் கரிமூட்டம். சீமைக்கருவேலத்தை வெட்டிக் குவித்து, மேலே வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைப்பார்கள். ஒரு வாரம் நின்று எரியும். சுடர் வெளியே தெரிந்தால் அத்தனையும் சாம்பல். காவலிருப்பவன் மேலே ஏறி நடந்து, எங்கே மண் உள்வாங்குகிறதோ அங்கே மண் அள்ளிப் போடுவான். புகை வெள்ளையாக வந்தால் விறகில் இன்னும் ஈரம் இருக்கிறது. நீலமாக மாறினால் கரி ஆகிவிட்டது.

சதுப்புநிலத் தீயைப் பற்றி அவள் சொன்னபோது இதைச் சொன்னேன். இரண்டு நாள் கேள்வி கேட்டாள். மூட்டம் எவ்வளவு உயரம், ஆள் எந்தப் பக்கம் ஏறுவான், நீலம் என்றால் எந்த நீலம், வானத்து நீலமா சோப்பு நீலமா. மூன்றாம் நாள் வரைந்து கொண்டுவந்து கொடுத்தாள். என் வீட்டில் எங்கள் ஊரைக் காட்டும் ஒரே படம் அதுதான். கூடத்தில் மாட்டியிருக்கிறேன். மூட்டம் சரி, புகை சரி, மேலே நிற்கும் ஆளின் முழங்கால்கூட சரி. பின்னணியில் ஒரு மலை இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து எந்தத் திசையில் பார்த்தாலும் மலை தெரியாது. சொன்னேன். "மலை இல்லாம எப்படிண்ணே? அப்ப பொழுது எங்க போயி எறங்கும்?" என்றாள். மலையை அழிக்கவில்லை.

சரோஜினி போன பிறகும் மல்லிகா வருவது நிற்கவில்லை. பத்து மணிக்குக் கடை திறப்பதற்கு முன், வாரத்தில் நான்கைந்து நாள் பின்வாசலுக்கு வந்துவிடுவாள். காப்பியை அவளே போட்டுக்கொள்வாள். எனக்கும் ஒரு குவளை வைப்பாள். பெரும்பாலும் பேச மாட்டாள், வரைவாள். நான் செய்தி படிப்பேன். நடுவில் ஏதாவது சொல்வாள். கயலோடு தொலைபேசியில் பேசுவதைக் கழித்தால், ஒரு வாரத்தில் நான் தமிழில் பேசுவது அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் நான் மனைவியின் பேரில் தங்கியிருந்தவன். நிரந்தரவாசத்துக்குப் போட்ட மனு பரிசீலனையில் இருக்கிறது என்ற பதில் வருடாவருடம் மரியாதையாக வருகிறது. அதுவரை கைக்கு வருவது ஒரு வருட அனுமதி. சரோஜினி இறந்த பிறகு முதல்முறை புதுப்பிக்கப் போனபோது, குடிநுழைவு அலுவலகத்தில் இருந்த இளம்பெண் நிதானமாக, மலாயில், இரண்டு தடவை சொன்னாள். பொறுப்பேற்கும் ஆள் உயிரோடு இருக்க வேண்டும். குடிமகனாக இருக்க வேண்டும். நேரில் வர வேண்டும். என் மலாய் காய்கறி வாங்கப் போதும். மனைவி இறந்துவிட்டாள் என்பதை அதில் சொல்லத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் தெரியவில்லை. வெளியே மணியத்தின் வேனில் காத்திருந்த மல்லிகா உள்ளே வந்து, தன் அடையாள அட்டையை மேசையில் வைத்தாள். உறவு என்ன என்று கேட்டார்கள். "அபாங்" என்றாள். அண்ணன். அந்தப் பெண் என் கடவுச்சீட்டைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், முத்திரையை எடுத்தாள்.

அன்றிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை அவள் எனக்காகக் கையெழுத்துப் போட வருகிறாள்.

கயல் கேட்பாள். "அங்க யாருப்பா இருக்கா? இங்கயும் வெயில் காலத்துல தீதான், அங்கயும் தீதான். இங்க வந்தா நாங்களாவது இருப்போம்." போன முறை பெர்த் போனபோது பகல் முழுவதும் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

4

எதிர்மலைக்கு இயந்திரம் வந்தது பெருமழை விட்ட பிறகு. மஞ்சள் நிறம், சங்கிலிச் சக்கரம், முன்னால் ஒரு நீளக் கை. தேயிலைக்கு மேலே எஞ்சியிருந்த காட்டுத் துண்டைத் திரிங்காப் தவுக்கே ஒருவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். தவுக்கே என்றால் சீன முதலாளி. அடியிலிருந்து வெட்டிக்கொண்டே மேலே வந்தார்கள். நாளுக்கு நாள் பச்சை ஏறிக்கொண்டே போனது, வேட்டியைத் தூக்கிக் கட்டுவது போல. முகட்டுக்குக் கீழே, மற்ற மரங்களைவிடத் தலை உயர்ந்து, ஒரு மரம் நின்றது. தண்டு நேராகப் போய் உச்சியில் குடையாக விரியும். மல்லிகா அதைப் பல வருடங்களாக வரைந்துகொண்டிருந்தாள். தீ வரும் படங்களிலும் ஓர் ஓரத்தில் அது நிற்கும். எந்தத் தீ எங்கே எரிந்தது என்பதை அந்த மரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று வைத்துத்தான் அவள் சொல்வாள்.

பத்திரிகைக்காரப் புத்தி, அதன் பெயரைத் தேடினேன். கீழே விழுந்து கிடந்த இலையை வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் காட்டினேன். மெம்பெனிங் என்றார், கருவாலி வகை. மல்லிகாவிடம் வந்து சொன்னேன்.

"பேரு தெரிஞ்சா விட்டுருவாங்களா?" என்றாள்.

அன்று அவள் வரையவில்லை. பேனரில் மரத்தின் தண்டு மட்டும் இருந்தது. இயந்திரம் நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்துக்கும் அதற்கும் நடுவே இரண்டு நாள் வேலை மிச்சம்.

"அண்ணே, அது போச்சுன்னா நான் பெட்டிய மூடிருவேன். எந்த எடம்னு வச்சுத்தான் நான் வரையுறது? எல்லாம் ஒரே மண்ணா இருந்தா எங்க ஒக்காந்து என்ன பாக்குறது?"

பெட்டியை மூடினால் பின்வாசலுக்கு வர வேண்டிய வேலை அவளுக்கு இல்லை. 

வழி சொன்னது மணியம். மனைவியைக் கூட்டிப்போக வந்தவன், வேனிலிருந்து இறங்காமலே கேட்டுக்கொண்டிருந்தான். "இதுக்காடி மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? ஒரு கல்ல நடு. சூலத்தப் போடு. மஞ்சத் துணிய சுத்து. எவன் கைய வைக்கிறான்னு பாப்போம். ஹைவே போடுறவனே முனியைப் பாத்தா ரோட்ட வளைச்சுக் கொண்டு போறான்லா. இந்தத் தவுக்கே எம்மாத்திரம்?"

"பொய் சாமியா?" என்றாள் மல்லிகா.

"எந்தச் சாமி பொறக்கறப்பவே பெரிய சாமி? நம்ம தோட்ட டிவிஷன்ல இருக்கிற முனி மட்டும் என்ன, எவனோ ஒரு கங்காணி நட்டதுதான்."

அவள் சிரித்தாள். பிறகு பெட்டியைக் குனிந்து பார்த்தாள். சிவப்பு டப்பா மேலாகத்தான் இருந்தது.

5

மதுரையில் என் மேசைக்கு அடிக்கடி வரும் செய்திகளில் ஒன்று இது. சாலையை அகலப்படுத்த அளவுக்கல் நட்ட இடத்தில், விடிந்து பார்த்தால் ஒரு வேலும் நான்கு செங்கல்லும் இருக்கும். அப்படிப்பட்ட செய்திகளுக்குத் தலைப்பு வைப்பதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. 'ஒரே நாளில் முளைத்த சாமி.' 'அளவுக்கல்லுக்கு அருள் வந்தது.' படித்துவிட்டு அச்சுக்கூடம்வரை சிரிப்பார்கள். கல் நட்டவன் பெயர் ஒரு செய்தியிலும் இருக்காது. அவன் எதைக் காப்பாற்றப் பார்த்தான் என்றும் இருக்காது. நாங்கள் கேட்டதில்லை.

கடை விடுமுறை நாள் மத்தியானம் மூவரும் மலை ஏறினோம். ஓடைக்கல் ஒன்றை மணியம் தோளில் சுமந்துவந்தான். மரத்தின் வேர்மடிப்பில் அதை நட்டார்கள். மல்லிகா மண்டி போட்டு உட்கார்ந்து சூலம் வரைந்தாள். போர்டு எழுதும் கை, மூன்று பல்லும் ஒரே அளவில் வந்தன. சிவப்பு காய்ந்ததும் மண்ணைக் குழைத்து மேலே தேய்த்துப் பழசாக்கினாள். பாசியைப் பிய்த்துக் கல்லின் அடியில் ஒட்டினாள். மணியம் ஒரு சுருட்டைப் பற்றவைத்துப் பாதி இழுத்துவிட்டு மீதியைக் கல்லின் முன்னால் வைத்தான். நான் ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் நாள் காலை இயந்திரம் மரத்தடிக்கு வந்தது, நின்றது. ஓட்டுநர் இறங்கினார். யாரையோ கைப்பேசியில் கூப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் தவுக்கேயின் வண்டி வந்தது. அறுபது வயது இருக்கும், ரப்பர் பூட்ஸ். கல்லைச் சுற்றி வந்து பார்த்தார். அவர்கள் வழக்கத்திலும் நிலத்தைக் காக்கும் ஒரு சாமி உண்டு. டத்தோ என்பார்கள். மரத்தடியிலும் பாறையடியிலும் சிவப்புக் கூண்டு வைத்துக் கும்பிடுவார்கள். இது அவருடையதா எங்களுடையதா என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. வேடிக்கை பார்க்கப் போயிருந்த எங்களிடம் வந்து, எத்தனை நாளாக இருக்கிறது என்று மலாயில் கேட்டார்.

"தாத்தா காலத்துல இருந்து," என்று மணியம் மலாயில் சொன்னான், கண் இமைக்காமல்.

தவுக்கே என்னைப் பார்த்தார். நான் வயதானவன், அன்று வேட்டியில் இருந்தேன். நான் மறுக்கவில்லை.

அவர் மூன்று ஊதுபத்தி கொளுத்திக் கல்லின் முன்னால் குத்தினார். இயந்திரம் மரத்தை விட்டுவிட்டுச் சுற்றிப் போனது. ஒரு வாரத்தில் முகடுவரை மொட்டை. நடுவில் அந்த மரம் மட்டும் நின்றது. மணியம் பார்க்கிறவர்களிடமெல்லாம் தானே முனிக்குப் பூசாரி என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். மல்லிகா மறுநாளே வந்து பேனரை விரித்தாள். தண்டோடு நின்றிருந்த படத்தில் கிளைகள் வர ஆரம்பித்தன. காப்பியில் சர்க்கரை அதிகமாக இருந்தது. ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வரைந்தாள். அடுத்த இரண்டு மாதம் அவள் ஒருநாள்கூட வராமல் இருக்கவில்லை.

கல்லுக்கு ஆட்கள் வந்தார்கள். முதலில் தோட்டத்தில் வேலை செய்யும் நேபாளிப் பையன்கள், காலையில் வேலைக்கு இறங்கும் முன் ஒரு பூ. பிறகு தவுக்கேயின் மனைவி, மாண்டரின் ஆரஞ்சோடு. பிறகு நம் லயத்துப் பெண்கள், வெள்ளிக்கிழமைகளில். வெட்டிய கட்டைகளும் கிளைகளும் மரத்தைச் சுற்றிக் குவிந்து காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் கல்லுக்குப் போக ஒற்றையடிப் பாதை விட்டிருந்தார்கள்.

6

அந்த வருடம் மாசி மழை இல்லை. பெரணி கையில் எடுத்தால் பொடிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தேயிலைத் தொழிற்சாலைச் சங்கு ஊதிய பிறகு, புகை தெரிந்தது. வெள்ளைப் புகை. ஈரம் இல்லாத கட்டைக்கு அது அதிக நேரம் நீடிக்காது என்று எனக்குத் தெரியும். கீழிருந்து காற்று ஏறும் நேரம் அது. நான் மல்லிகாவுக்குப் போன் செய்தேன். அவள் கடையிலிருந்து வருவதற்குள் மரத்தின் கீழ்ப்பாதி தெரியவில்லை.

பொம்பா வண்டி, அதாவது தீயணைப்பு வண்டி, தேயிலைப் பாதை முடியும் இடம்வரைதான் போக முடிந்தது. அங்கிருந்து குழாய் எட்டவில்லை. தேயிலைக்கு வராமல் தடுக்க வரிசையாக நின்று அடித்தார்கள். மேலே எரிவதை எரியவிட்டார்கள். பின்வாசலில் மல்லிகா நின்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. பெட்டியும் சுருட்டிய பேனரும் சுவரோரம் இருந்தன. அவள் அவற்றைத் தொடவில்லை. அத்தனை தீயை வரைந்தவள், தீயைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நின்றதை அன்றுதான் பார்த்தேன். உச்சிக் குடை பற்றியபோது ஒரு சத்தம் கேட்டது, தகரத்தில் மழை விழுவது போல.

மணியம் வந்து, யாரோ சூடம் கொளுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றான். நம் ஆளா, அவர்கள் ஆளா, தெரியவில்லை. காற்று தள்ளியிருக்கும். விசாரித்தால் தெரிந்துவிடும் என்றான்.

"விசாரிச்சு?" என்றாள் மல்லிகா. "எவ கொளுத்தியிருந்தா என்ன. அடுப்பு வச்சுக் குடுத்தது நானு."

பிறகு அவள் குனிந்து பெட்டியின் கொக்கியை மாட்டினாள். அதைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள். பேனரை விட்டுப் போய்விட்டாள்.

தீ இரண்டு நாளில் அணைந்தது. மூன்றாம் நாள் மேலே போனவர்கள் கல் அப்படியே இருப்பதாகச் சொன்னார்கள். கல் எரியாது என்று யாரும் சொல்லவில்லை. சுற்றிலும் எரிந்தும் சாமியைத் தொடவில்லை என்ற பேச்சு சந்தையில் எனக்கே இரண்டு பேர் சொல்லி எட்டியது. அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் வந்தது. தவுக்கே கரிந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தி, தரையைச் சமன் செய்து, சிமெண்ட் பூசி, சிவப்புத் தகரக் கூரை போட்டுக் கொடுத்தார். அதுதான் காலையில் எனக்குத் தெரியும் புள்ளி.

மல்லிகா வரவில்லை. ஒருமுறை போன் செய்தேன். கடையில் கூட்டம், பள்ளி விடுமுறை என்றாள். உண்மைதான். பள்ளி விடுமுறை முடிந்தது. காலையில் இரண்டு குவளை எடுத்து வைக்கும் பழக்கம் போக எனக்குச் சில நாள் ஆனது. விட்டுப்போன பேனரை விரித்துப் பார்த்தேன். மரம் முடிந்திருந்தது. சுற்றி எதுவும் போடவில்லை.

7

இன்று அனுமதி புதுப்பிக்கும் நாள்.

வருவாளா என்று எனக்கு நிச்சயமில்லை. எட்டு மணிக்கு மணியத்தின் வேன் வந்தது, முன் இருக்கையில் அவள் இருந்தாள். நெற்றியில் குங்குமம், கடைச் சீருடைக்கு மேலே நல்ல ஸ்வெட்டர். "காப்பி குடிச்சீங்களாண்ணே?" என்றாள். குடித்தேன் என்றேன். மலைச்சாலையில் இறங்கும்வரை மணியம்தான் பேசினான். தக்காளி விலையும், தன் மகன் சிங்கப்பூரில் வாங்கப்போகும் மோட்டார் சைக்கிளும்.

அலுவலகத்தில் வேறோர் ஆள் இருந்தார். உறவு என்ன என்று கேட்டார். போன தடவை சொன்னதையே சொன்னாள். இன்னொரு வருடம் கிடைத்தது.

திரும்பி ஏறும்போது, எங்கள் வீட்டுக்குப் பிரியும் இடத்துக்கு முன்னாலேயே வேனை நிறுத்தச் சொன்னாள். இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தாள்.

"போர்டு எழுதுறவளாச்சேன்னு தவுக்கே ஆளனுப்பியிருந்தாரு. சூட்டுல சூலம் உரிஞ்சு போச்சாம். அடிச்சுக் குடுன்னு."

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்." பையின் வாயைப் பிரித்து உள்ளே பார்த்துக்கொண்டே சொன்னாள். "வேற எவனாவது வந்து அடிப்பான். பல்லு நாலு வச்சுருவான்." பையை மூடினாள். "அன்னிக்கு ஒரு நேபாளிப் பையன் கடைக்கு வந்தான்ணே. அம்மாவுக்கு ஆப்பரேஷனாம், அங்க போயி வேண்டிக்கிட்டேன், நல்லாயிட்டாங்கன்னான். எங்கிட்டதான் சொல்றான். பழம் வாங்கிட்டுப் போறான் அந்தக் கல்லுக்கு. அவன்கிட்ட நான் என்னான்னு சொல்லட்டும்?"

மணியம் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பையோடு இறங்கினாள்.

அவளோடு நானும் மலை ஏறினேன். பாதை இப்போது அகலமாக இருக்கிறது, படி வெட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கூரைக்கான கம்பிகள் நட்டாகிவிட்டது. சிமெண்ட் தரையின் பின்விளிம்பில் மரத்தின் அடிக்கட்டை இருந்தது. அறுத்த முகத்தில் ஓரம் மட்டும்தான் கருப்பு, நடு இன்னும் வெளுப்பாக இருந்தது. அதன்மேல் யாரோ விளக்கு வைத்திருந்தார்கள். அங்கே நின்று பார்த்தால் பள்ளத்தாக்குக்கு அப்பால் என் வீட்டுப் பின்வாசல் தெரிந்தது. சிறியதாக, ஒரு நாற்காலியோடு. இத்தனை வருடம் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்த இடத்தில் நின்று என் வீட்டை நான் பார்ப்பது அதுதான் முதல்முறை. கல் நட்ட அன்று நடுவில் இலைகள் இருந்தன.

"பேனர் என்கிட்ட இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும்ணே."

நாளைக்கு வருவாயா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் ஸ்வெட்டரைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். கல்லின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, கடைப்பலகையைத் துடைப்பது போலப் பழைய சிவப்பைச் சுரண்டித் துடைத்தாள். டப்பாவின் மூடியைத் திருப்புளியால் நெம்பித் திறந்தாள். நடுப்பல்லை முதலில், பிறகு இடது, பிறகு வலது.

முதல் பூச்சு காயும்வரை கல்லின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். காய்ந்த பிறகு இரண்டாவது பூச்சும் அடித்தாள்.